டவுனில் பழைய வீட்டை ஆபீசுக்கு எடுக்கும் முன்

தவளக்குப்பத்தில் கடலூர் சாலையோரக் கடை மாடியில் நடந்துவரும் உங்கள் ஆபீசுக்கு இடம் போதவில்லை. தொழில் ஆடிட்டிங்காக இருக்கலாம், மென்பொருளாக இருக்கலாம், டிராவல்ஸாகவும் இருக்கலாம். பாண்டி டவுனுக்குள் புதுப்பித்த பழைய வீடு ஒன்று வாடகைக்கு வந்திருப்பதாக யாரோ சொல்கிறார்கள். போய்ப் பார்க்கிறீர்கள். உயரமான கூரை, முற்றத்தில் விழும் வெயில், கை வைத்தால் வழுக்கும் தேக்குத் தூண். மனம் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

புதிய காங்கிரீட் கட்டடத்தில் பேச்செல்லாம் வாடகைத் தொகையைச் சுற்றியே இருக்கும். பழைய வீட்டில் அதைவிடப் பெரிய கேள்விகள் இரண்டு உண்டு. ஒழுகினால் யார் சரிசெய்வது? ஒரு சுவரையோ சன்னலையோ மாற்ற யார் அனுமதி தர வேண்டும்? இந்த இரண்டுக்கும் பத்திரத்தில் பதில் இல்லாவிட்டால், மலிவான வாடகையும் நட்டத்தில்தான் முடியும்.

இந்த வீடுகள் எவ்வளவு பழையவை?

1761-ல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-ல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து, பழைய தெருக்களின் கோட்டிலேயே ஊரை மறுபடி எழுப்பினார்கள். டவுனில் இன்று நீங்கள் பார்க்கும் பழைய வீடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு கட்டியவை. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதி: உயர்ந்த மதில், பெரிய வாசற்கதவு, உள்ளே தள்ளி வீடு. மேற்கே தமிழ்ப் பகுதி: தெருவை ஒட்டித் தாழ்வாரம், திண்ணை, உள்ளே முற்றம். இரண்டும் கலந்த வீடுகளும் உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையின் கீழ்த்தளம் தமிழ் வீட்டு அமைப்பு, மேல்தளம் பிரெஞ்சு பாணி. அந்தக் கலப்பு இந்த ஊருக்கே உரியது.

அவற்றைக் காப்பாற்ற முடியும் என்று காட்டிய தெரு வைசியாள் வீதி. இன்டாக் (கலை, பண்பாட்டுச் சின்னங்களைக் காக்கும் இந்திய அறக்கட்டளை) அமைப்பும் அரசும், ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு, அந்த வீதி வீடுகளின் முகப்புகளைச் சீரமைத்தன. இத்தாலியின் உர்பினோ நகரமும் பிரான்சின் வில்நெவ்-சூர்-லோத் நகரமும் அந்தத் திட்டத்தில் பங்காளிகள். 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது அந்தப் பணிக்குக் கிடைத்தது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்த வீதி காட்சிப் பொருளாகிவிடவில்லை என்பதுதான். மக்கள் அங்கே குடியிருந்துகொண்டே இருந்தார்கள். ஆள் புழங்கும் வீடுதான் நிற்கும். ஆபீசாக நீங்கள் எடுப்பதும் அந்த வகையில் வீட்டுக்கு நல்லதே.

எந்தப் பகுதியில் தேடலாம்?

வாய்க்காலுக்கு மேற்கே, தமிழ்ப் பகுதியில் தேடுங்கள் என்பது என் யோசனை. பிரெஞ்சுப் பகுதியில் ஓட்டல்களும் கஃபேக்களும் வாடகைக்குப் போட்டி போடுகின்றன. சனி, ஞாயிறுகளில் சுற்றுலாக் கூட்டம் தெருவை அடைத்துக்கொள்ளும். கடற்கரைச் சாலையில் மாலையானால் வண்டி விட மாட்டார்கள். உங்களைத் தேடி வரும் வாடிக்கையாளர் காரை எங்கோ நிறுத்திவிட்டு வெயிலில் நடந்து வர வேண்டியிருக்கும்.

தமிழ்ப் பகுதியிலும் வண்டி நிறுத்துவது எளிதல்ல. ஆனாலும் வங்கி, ஸ்டேஷனரி கடை, சாப்பாட்டுக் கடை எல்லாம் நடக்கிற தூரத்தில் கிடைக்கும். தவளக்குப்பம், அரியாங்குப்பம் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் பணியாளர்களுக்குப் பஸ் நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவும் உண்டு. நோணாங்குப்பம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், மரப்பாலம் வழியாகக் காலை ஒன்பது மணிக்கு ஒருமுறை நீங்களே வண்டி ஓட்டிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடு பார்க்கப் போய், அந்தச் சாலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

'புதுப்பித்தது' என்றால் என்ன செய்திருப்பார்கள்?

இதுதான் கவனமாகக் கேட்க வேண்டிய கேள்வி. நன்றாகப் புதுப்பித்த வீடும் உண்டு, பூசி மறைத்த வீடும் உண்டு. இரண்டும் முதல் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும் சேர்ந்தவை. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே தங்கிவிடும். கடற்காற்றில் உப்பும் சேர்வதால், ஓரிரு மழைக்காலத்திலேயே பெயின்ட் கொப்பளித்து, பூச்சு பொரிந்து உதிரும். ஆகவே முதல் கேள்வி, "சுவருக்குச் சுண்ணாம்பு பூசினீர்களா, சிமென்ட்டா?" பதில் சிமென்ட் என்று வந்தால் வீடு வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஆனால் சுவர்ப் பழுது அடிக்கடி வரும். அது யார் செலவு என்பதை அப்போதே பேசிவிடுங்கள்.

அடுத்தது தளம். மாடி வீடுகளில் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் இருக்கும். நெருக்கமாக அடுக்கிய மரச்சட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் பிணைத்து, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். பராமரித்தால் இந்தத் தளம் தலைமுறை தாண்டி நிற்கும். பலவீனம் ஓரிடத்தில்தான்: மரச்சட்டத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடம். தளத்தில் நீர் இறங்கினால் முதலில் அந்த முனை ஊறும், உளுக்கும், கரையானும் அங்கே வரும். நடுவில் மரம் பளபளவென்று வார்னிஷ் போட்டிருக்கும், முனை செத்துப்போயிருக்கும். டார்ச் எடுத்துப் போய், ஒவ்வொரு சட்டமும் சுவரைத் தொடும் இடத்தைப் பாருங்கள். கறை, மரத்தூள், மண் கோடு எதுவும் இருக்கிறதா என்று கவனியுங்கள். அந்த அறைக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால், ஒரு பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அதுவே உங்களுக்கு ஒரு தகவல்.

இவ்வளவு பயம் தேவையா என்று நினைக்கலாம். நகராட்சியின் மேரி கட்டடம், ஊரின் அடையாளம், அரசின் சொத்து. 2014 நவம்பர் மழைக்காலத்தில் அது இடிந்து விழுந்தது. பிறகு உலக வங்கி உதவியோடு பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி, 2021-ல் திறந்தார்கள். ஊரே பார்த்துக்கொண்டிருந்த கட்டடத்துக்கு அந்தக் கதி என்றால், சந்துக்குள் இருக்கும் வீட்டைச் சோதிக்காமல் எடுப்பது சரியல்ல.

அதனால் கட்டமைப்புப் பொறியாளர் (கட்டடம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்கிட்டுச் சொல்பவர்) ஒருவரைக் கூட்டிப்போங்கள். பழைய சுண்ணாம்பு வேலை பார்த்துப் பழகியவராக இருக்க வேண்டும். காங்கிரீட் மட்டுமே தெரிந்தவர், எல்லாவற்றையும் இடித்துத் தளம் போடச் சொல்லிவிடுவார். பொறியாளரின் கட்டணம் பெரும்பாலும் உங்கள் ஒரு மாத வாடகையைவிடக் குறைவாகவே இருக்கும். உறுதிச் சான்றை எழுத்தில் வாங்குங்கள்.

எப்போது பார்ப்பது?

ஐப்பசி, கார்த்திகையில். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த நாளில் இந்த வீட்டுக்குள் தண்ணீர் எங்கே வந்தது என்று பக்கத்து வீட்டாரைக் கேளுங்கள். வீட்டுக்காரரைவிட அவர்கள் ஒளிக்காமல் சொல்வார்கள். முற்றத்து நீர் வெளியேறும் குழாய் தெருவில் எங்கே போய்ச் சேர்கிறது என்றும் பாருங்கள். தெருவைத் திரும்பத் திரும்பத் தார் போட்டு உயர்த்தியதில், பல வீட்டு முற்றங்கள் இப்போது தெரு மட்டத்துக்குக் கீழே போய்விட்டன. கோடையில்தான் வீடு பார்க்க முடிகிறது என்றால், முற்றத்தில் நாலைந்து குடம் தண்ணீர் ஊற்றி அது எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று நின்று பாருங்கள்.

வாடகை எந்த அளவுக்கு?

சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசும்போது, எந்தச் சதுர அடி என்று கேளுங்கள். திண்ணை, தாழ்வாரம், முற்றம், தடிமனான சுவர் எல்லாவற்றையும் சேர்த்து அளந்திருப்பார்கள். உதாரணத்துக்கு, 2,000 சதுர அடி என்று சொன்ன வீட்டில் மேசை போடக்கூடிய இடம் 1,200 மட்டுமே இருக்கலாம். சதுர அடிக்கு 40 ரூபாய் என்று பேசியது, நீங்கள் உண்மையில் உட்காரும் இடத்துக்கு 66 ரூபாய்க்கு மேல் வரும். முற்றம் வீண் என்று நான் சொல்லவில்லை. காற்றும் வெளிச்சமும் அங்கிருந்துதான் வருகின்றன. ஆனால் அதற்கும் ஆபீஸ் அறைக்கும் ஒரே விலை வைப்பதை ஒப்புக்கொள்ள வேண்டாம்.

என்ன மாற்றலாம், யாரிடம் கேட்க வேண்டும்?

டவுனில் கட்டட அனுமதி தருவது புதுச்சேரி நகரமைப்புக் குழுமம். பாரம்பரியக் கட்டடம் என்றால், விண்ணப்பம் அங்கிருந்து பாரம்பரியப் பாதுகாப்புக்கென மாநில அளவில் அமைந்த ஆலோசனைக் குழுவின் பார்வைக்குப் போகும். வீடு அரசின் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா, இருந்தால் எந்தத் தரத்தில் என்று முதலில் வீட்டுக்காரரிடம் கேளுங்கள், பிறகு குழும அலுவலகத்திலும் கேட்டு உறுதி செய்யுங்கள். தரம் உயர உயர, மாற்றக்கூடியது குறையும்.

நடைமுறையில் இது உங்களை எங்கே தொடும்? தெருப்பக்கம் தெரிகிற எல்லாவற்றிலும். பெயர்ப்பலகை, முகப்பு வண்ணம், கண்ணாடிக் கதவு, ஏசியின் வெளிப்பெட்டி, மொட்டைமாடியில் தகரக் கூரை, ஜெனரேட்டர். உங்கள் கம்பெனியின் நீலப் பலகை முகப்பை முழுக்க மறைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால், இந்த வீடு உங்களுக்கு ஒத்துவராது. தூணுக்குப் பக்கத்தில் சிறிய பலகை போதும் என்றால் ஒரு சிரமமும் இல்லை.

உள்ளே செய்யும் வேலைக்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். ஒயர், குழாய் எதையும் சுவரைத் தோண்டிப் புதைக்காமல் வெளியே பட்டியில் கொண்டுபோங்கள். தடுப்புகளைத் தரையில் நிற்கும்படி வையுங்கள், தேக்குத் தூணில் திருகாணி அடிக்க வேண்டாம். கோப்பு அலமாரிகளும் யுபிஎஸ் பேட்டரிகளும் மாடி அறையின் நடுவில் நிற்கக் கூடாது. அந்தச் சட்டங்கள் ஒரு குடும்பம் புழங்குவதற்காகப் போட்டவை, டன் கணக்கில் காகிதம் வைக்க அல்ல. முடிந்தால் கோப்புகளைக் கீழ்த்தளத்திலேயே வைத்துவிடுங்கள்.

அனுமதி வாங்கும் வேலை யாருடையது? வீட்டுக்காரருடையது என்று எழுதிக்கொள்ளுங்கள். அனுமதி வராமல் நீங்கள் உள்ளே வர முடியாத மாதங்களுக்கு வாடகை ஓடக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இந்த ஒரு வரிக்காக வீட்டுக்காரர் முகம் சுளித்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒழுகினால் யார் செலவு?

வீட்டுக்காரர்தானே என்று நினைப்பீர்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வாடகை உறவை ஆளும் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில், வீட்டுக்காரர் பழுது பார்த்தே ஆக வேண்டும் என்ற பொதுக் கட்டாயம் கிடையாது. ஒப்பந்தத்தில் அவர் ஏற்றுக்கொண்ட பழுதை நீங்கள் சொல்லியும் தகுந்த காலத்துக்குள் செய்யாவிட்டால், நீங்களே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்பதுதான் அதில் உள்ளது. அதாவது, எழுதியிருந்தால்தான் உரிமை.

எப்படி எழுதுவது? தளம், மரச்சட்டம், உத்திரம், வெளிச்சுவர், கூரை ஓடு, கழிவுநீர்க் குழாய் இவையெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. உள்சுவர் வண்ணம், விளக்கு, ஏசி, தாழ்ப்பாள், குழாய்த் திருகு உங்கள் பொறுப்பு. ஆண்டுதோறும் மழைக்கு முன் தளத்தைச் சோதித்துச் சரிசெய்வது வீட்டுக்காரர் வேலை என்று மாதத்தையும் குறிப்பிடுங்கள். ஆவணி, புரட்டாசிக்குள் முடிந்தால் நல்லது. ஒழுகல் என்று எழுத்தில் சொன்ன எத்தனை நாளில் ஆள் வர வேண்டும் என்பதும், வராவிட்டால் நீங்கள் செய்து கழித்துக்கொள்ளலாம் என்பதும் அதே பக்கத்தில் இருக்கட்டும். பழுதுக்குச் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத்தான் கூப்பிட வேண்டும் என்ற ஒரு வரியும் சேருங்கள். அவசரத்தில் சிமென்ட் பூசினால் அடுத்த மழையில் கெடுதல் இரட்டிப்பாகும்.

புயலிலோ தீயிலோ வெள்ளத்திலோ வீட்டின் முக்கியப் பகுதி நிரந்தரமாகப் பயன்படாமல் போனால், குத்தகையை நீங்கள் முறித்துக்கொள்ளலாம் என்று அதே சட்டம் சொல்கிறது, சேதம் உங்கள் தவறால் வராதிருந்தால். ஒரு மாதம் மூடிவைக்கும் அளவு சேதம் என்றால் என்ன? அதற்குச் சட்டம் கைகொடுக்காது. அந்த நாட்களுக்கு வாடகை நிற்கும் என்று நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். காப்பீட்டிலும் இதே கவனம் தேவை. வீட்டுக்காரர் கட்டடத்துக்கு எடுத்த பாலிசி உங்கள் கணினிகளுக்குப் பணம் தராது. உங்கள் பொருளுக்கு நீங்கள் தனியாக எடுக்க வேண்டும்.

பதினோரு மாத ஒப்பந்தம் போதுமா?

போதாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் பதினோரு மாதம் என்று எழுதும் பழக்கம் வந்தது. சும்மா மேசை நாற்காலி போட்டு உட்காருகிறவருக்கு அது சரி. நீங்களோ ஒயரிங், ஏசி, கழிப்பறை என்று பல லட்சம் இறக்கப்போகிறீர்கள். அந்தப் பணம் திரும்பி வர ஆண்டுகள் ஆகும். ஐந்தாண்டு எழுதுங்கள், பதிவு செய்யுங்கள். பதிவு செய்யாமல் ஐந்தாண்டு என்று வெறும் தாளில் எழுதினால், வழக்கு என்று வந்தால் அதில் உள்ள நிபந்தனைகளை நிரூபிக்க அந்தத் தாள் பயன்படாது. பதிவான குத்தகை வில்லங்கச் சான்றிலும் (சொத்தின் மேல் பதிவாகியுள்ள விற்பனை, அடமானம், குத்தகை ஆகியவற்றின் பட்டியல்) ஏறிவிடும். நாளைக்கு வீடு கை மாறினாலும் வாங்கியவர் உங்கள் குத்தகையை மதிக்க வேண்டியிருக்கும்.

லாக்-இன் (இடையில் காலி செய்ய முடியாத காலம்) கேட்பார்கள். அது இரண்டு பேரையும் கட்ட வேண்டும். நீங்கள் மட்டும் கட்டுப்பட்டு, அவர் மூன்று மாத நோட்டீசில் வெளியேற்றலாம் என்று இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். வாடகை உயர்வு ஆண்டுக்கு 5 சதவீதம் என்றோ மூன்றாண்டுக்கு 15 சதவீதம் என்றோ எழுதுவது வழக்கம்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தைப் பற்றிக் கடலூர் நண்பர்கள் சொல்லக்கூடும். அது புதுச்சேரிக்குப் பொருந்தாது. இங்கே 1969-ஆம் ஆண்டின் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உண்டு. வேண்டுமென்றே வாடகை பாக்கி வைப்பது, அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுவது, பேசிய வேலைக்கு இல்லாமல் வேறு வேலைக்குப் பயன்படுத்துவது, கட்டடத்தின் மதிப்பு குறையும்படி சேதம் செய்வது ஆகியவை அதன்படி உங்களை வெளியேற்றக் காரணங்கள். கடைசிக் காரணத்தைப் பழைய வீட்டில் இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அனுமதி கேட்காமல் தட்டிய ஒரு சுவர் போதும்.

கையெழுத்துப் போடுபவர் உண்மையில் உரிமையாளரா?

பாண்டியில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. இங்கே பிரெஞ்சு ஆட்சி நடைமுறையில் 1954 நவம்பர் 1-ல் முடிந்தது, சட்டப்படி இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல் நடந்தது, இந்தியச் சட்டங்கள் பல 1968-ல்தான் இங்கே நீட்டிக்கப்பட்டன. அதனால் பழைய வீட்டின் மூலப் பத்திரம், நோத்தேர் (பத்திரங்களை எழுதி உறுதிசெய்த பிரெஞ்சுக் காலத்து அதிகாரி) எழுதிய பிரெஞ்சு மொழிப் பத்திரமாக இருக்கக்கூடும். மொழிபெயர்ப்பு வாங்கி, உள்ளூர் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

பத்திரம் தாத்தா பெயரில் இருக்கும். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பாரிசிலும் ரெயூனியோனிலும் இருப்பார்கள். இங்கே சாவி வைத்திருக்கும் ஒருவர், "எல்லாரும் சம்மதம்தான், நான் பார்த்துக்கிறேன்" என்பார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் பங்காளி ஒருவர் தனியாகக் கொடுக்கும் குத்தகை மற்றவர்களின் பங்கைக் கட்டாது. அடுத்த கோடை விடுமுறைக்கு ஊர் வரும் தங்கை, "என்னைக் கேட்டீர்களா?" என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. எல்லா வாரிசும் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது பவர் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும். அந்தப் பவரில் குத்தகைக்கு விடவும், பதிவு செய்யவும், வாடகை வாங்கவும் அதிகாரம் தெளிவாக இருக்க வேண்டும். வெளிநாட்டில் எழுதிய பவருக்கு, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். அந்தத் தேதியைப் பாருங்கள். வீடு வங்கியில் அடமானத்தில் இருந்தால், வங்கியின் எழுத்துச் சம்மதமும் கேளுங்கள்.

வீட்டுக்காரர் பிரான்சில் இருந்தால் வரி எப்படி?

பலரும் தடுமாறும் இடம் இது. வாடகை தருபவர் வருமான வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவது தெரிந்ததே. உள்ளூரில் வசிக்கும் வீட்டுக்காரர் என்றால், வாடகை மாதம் 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடித்தம். கம்பெனி, கூட்டு நிறுவனம் 10 சதவீதம் பிடிக்க வேண்டும். வரித் தணிக்கை தேவைப்படாத தனிநபர் 2 சதவீதம் பிடித்தால் போதும்.

வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அந்த 50,000 வரம்பே கிடையாது. மாதம் பத்தாயிரம் ரூபாய் வாடகைக்கும் பிடிக்க வேண்டும். விகிதம் 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2 சதவீதம். பிடிக்கத் தவறினால் அந்தத் தொகையையும் வட்டியையும் வருமான வரித்துறை உங்களிடம்தான் கேட்கும், பிரான்சில் இருப்பவரிடம் அல்ல. வீட்டுக்காரர் விண்ணப்பித்துக் குறைந்த விகிதத்துக்குச் சான்று வாங்கித் தந்தால் அதன்படி பிடிக்கலாம். நான்கு வாரிசுகளில் இருவர் வெளிநாடு என்றால், அவரவர் பங்கைத் தனித்தனியாகப் பிரித்துக் கணக்குப் பார்க்க வேண்டும். ஆகவே பத்திரத்திலேயே யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதி, அவரவர் கணக்கில் நேரடியாகப் பணம் போடுங்கள்.

பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்தாலே வெளிநாட்டவரா? இல்லை. இந்தக் கணக்கு குடியுரிமையைப் பார்ப்பதில்லை, வசிக்கும் இடத்தைப் பார்க்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று, நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ பாண்டியிலேயே இருப்பவர் உள்ளூர்வாசிதான். ஆண்டுதோறும் இதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிஎஸ்டியும் உண்டு. ஆபீஸ் வாடகைக்கு 18 சதவீதம். வீட்டுக்காரர் பதிவு பெற்றவர் என்றால் பில்லில் சேர்த்து வாங்குவார். அவர் பதிவு பெறாதவர், நீங்கள் பதிவு பெற்றவர் என்றால், 2024 அக்டோபர் 10 முதல் ரிவர்ஸ் சார்ஜ் (கொடுப்பவர் கட்ட வேண்டிய வரியை வாங்குபவரே அரசுக்குக் கட்டுவது) முறையில் நீங்கள் கட்ட வேண்டும். காம்போசிஷன் முறையில் (விற்பனை மேல் குறைந்த விகிதத்தில் ஒட்டுமொத்தமாக வரி கட்டும் முறை) இருப்பவர்களுக்குப் பின்னர் விலக்குத் தந்துவிட்டார்கள். கட்டிய வரியைப் பெரும்பாலான தொழில்களில் உங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் முதலில் கையிலிருந்து போகும் பணம் அது. பட்ஜெட்டில் வையுங்கள்.

அலுவலக மாற்றத்துக்கு வேறென்ன?

தவளக்குப்பம் அரியாங்குப்பம் கொம்யூன் பஞ்சாயத்தில் வருகிறது. டவுன் புதுச்சேரி நகராட்சி. தொழில் உரிமத்தைப் புதிதாக நகராட்சியில் எடுக்க வேண்டும். ஜிஎஸ்டி முகவரி மாறிய 15 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். மின் இணைப்பு வீட்டுக் கட்டணத்தில் இருந்தால் வணிகக் கட்டணத்துக்கு மாற்றி, உங்கள் ஏசிகளுக்குப் போதுமான மின்பளு அனுமதியும் வாங்க வேண்டும். வீட்டுக்காரர் பெயரில் உள்ள இணைப்பு என்பதால் அவர் கையெழுத்து இல்லாமல் இது நடக்காது. சாவி வாங்குவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். தடித்த சுவரைத் தாண்டி வைஃபை போகாது, அறைக்கு அறை ஒயர் இழுக்க வேண்டியிருக்கும். உயரமான கூரை என்பதால் ஏசியின் திறனைத் தரைப் பரப்பை மட்டும் வைத்துக் கணக்கிடாதீர்கள். பல நாட்களில் மின்விசிறியும் திறந்த முற்றமுமே போதும் என்பதையும் போகப்போகக் கண்டுகொள்வீர்கள்.

அட்வான்ஸ் முழுதாகத் திரும்ப வருமா?

முதல் நாளே அதற்கு வேலை செய்தால் வரும். சாவி வாங்கும் அன்று அறை அறையாக, தளம், சட்ட முனை, தரை, கதவு எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து, ஏற்கெனவே உள்ள விரிசல்களைப் பட்டியல் போட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்டுப் பத்திரத்தோடு இணைத்துவிடுங்கள். நீங்கள் பொருத்திய ஏசி, தடுப்பு, விளக்கு ஆகியவற்றைக் காலி செய்வதற்கு முன் கழற்றி எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது, வீட்டை வாடகைக்கு எடுத்தபோது இருந்த நிலையில் ஒப்படைத்தால். எவை உங்களுடையவை என்ற பட்டியலும் பத்திரத்தோடு இருக்கட்டும். காலி செய்யும்போது சாவியைக் கையில் கொடுத்து, ஒப்புகைக் கையெழுத்தை வாங்கி, அன்றே மின்மீட்டர் எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்ப வர வேண்டும், தாமதித்தால் என்ன வட்டி என்பதை எழுதும் இடம், நீங்கள் முதலில் கையெழுத்திடும் அதே பத்திரம்தான்.